வரும் என்று எழுதிய மூன்று சீட்டுகள்

பணி ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருந்தால் மனைவியோடு சண்டைதான் வரும் என்று தெரிந்து, விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய்ச் சேர்ந்தேன். சூலக்கரை போகிற சாலையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடி. கூடப் படித்தவர்கள் எல்லாம் என் பேரன் வயதுப் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். ஆறு மாதம் முட்டி மோதி ஓரளவுக்குப் புரோகிராம் எழுதப் பழகியபோது, அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். பைல் அனுப்புகிற சர்வர் ஒன்று எழுத வேண்டும். சர்வர் என்றால் அதுவரை எனக்கு ஓட்டலில் இலை போடுகிறவர்தான். “கிட்டத்தட்ட அதே வேலைதான் சார்” என்றார் அவர். ஒரு கம்ப்யூட்டர் இன்ன பைல் வேண்டும் என்று கேட்கும். இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் நம் புரோகிராம் அதைக் காதில் வாங்கி, தேடி எடுத்து, துண்டு துண்டாக அனுப்பி, எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகள் எல்லாரும் அனுப்புகிற பகுதியை முதலில் எழுதினார்கள். நான், கேட்ட பைல் இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று பதில் சொல்லுகிற பகுதியை முதலில் எழுதினேன். இரண்டு நாள் வரைக்கும் என் புரோகிராமுக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும். எதைக் கேட்டாலும் இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “முதல்ல குடுக்கப் பழகுங்க சார், அப்புறம் இல்லைன்னு சொல்லலாம்” என்றார் சொல்லிக்கொடுத்த பெண். எனக்குச் சுள்ளென்று வந்தது. “குடுக்கறது பெரிய காரியமில்லம்மா. யாரு வேணும்னாலும் குடுத்துருவாங்க” என்றேன். அதற்கு மேல் அவருக்கு விளங்க வைக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் கொஞ்சம் மானாவாரி நிலம் எங்களுக்கு. மழை பெய்தால் கம்பும் பருத்தியும் உண்டு, பெய்யாவிட்டால் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்பிலும் லோயர் பாஸ் செய்திருந்ததால், கார்த்திகை மாதம் விருதுநகரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பருப்பும் மிளகாய் வத்தலும் விற்ற வியாபாரக் குடும்பம் அது. பிறகு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையும், சிவகாசியில் ஒரு லேபிள் அச்சகமும் வைத்தார்கள். ஆனால் தலைமை ஆபீஸ் மட்டும் சரக்கு மூட்டை அடுக்குகிற பழைய வத்தல் கிட்டங்கியின் மாடியிலேயே இருந்தது. காலையில் போய் உட்கார்ந்ததும் பத்துத் தும்மல் போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்க முடியும்.

கம்பெனியின் எல்லாப் பைல்களும் அந்த மாடியில்தான். வெடிமருந்து இருக்கிற இடத்தில் முக்கியமான காகிதம் வைக்கக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் தேவைப்படுவதெல்லாம் அங்கேதான். இன்ஸ்பெக்டர் வந்து நின்றால் லைசென்ஸ் பைல் வேண்டும். புதுக் கொட்டகை கட்டினால் பழைய பிளான் வேண்டும். அச்சகத்தில் போன சீசன் லேபிளை மறுபடி அடிக்க வேண்டுமென்றால் அந்த ஆர்டர் பைல் வேண்டும். தொழிற்சாலையில் போனும் கிடையாது. யாராவது பஸ் ஏறி விருதுநகருக்கு வருவார்கள், அலமாரியைத் திறப்பார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வந்தால் வரும், வராவிட்டால் கேட்பாரில்லை. “நம்ம கம்பெனியில பட்டாசு வெடிச்சு மறையறத விட பைலு வேகமா மறையுதப்பா” என்று மேனேஜர் புலம்புவார்.

எனக்கு அந்த வயதில் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் நான் கட்டி வைத்திருந்த பைலை, அச்சகத்து ஆள் ஒருவர் என் கண்ணெதிரேயே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். நேரே மேனேஜரிடம் போய், “இதுக்கு ஒரு ஏற்பாடு நான் பண்றேன் சார். இனிமே ஒருத்தர் அலமாரியத் தொடக்கூடாது. கேட்டா நான் அனுப்புவேன்” என்றேன். “பண்ணு பாப்போம்” என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. யாரும் செய்து நான் பார்த்ததும் இல்லை.

யோசித்து யோசித்து ஒரு சீட்டு போட்டேன். இடது பாதியில் கேட்கிறவர் எழுத வேண்டும்: எந்தப் பைல், எதற்கு. வலது பாதியில் நான் பதில் எழுதுவேன். அடியில் குறிப்பு எழுத ஒரு கட்டம். பூட்டுப் போட்ட ஒரு கித்தான் பை, அதற்கு இரண்டு சாவி, இங்கே ஒன்று அங்கே ஒன்று. காலை எட்டு மணி பஸ்ஸில் கண்டக்டர் தன் இருக்கைக்கு அடியில் பையை வைத்துக்கொள்வார். சிவகாசியில் தொழிற்சாலையின் லோடு வண்டி வாங்கிக்கொள்ளும். சாயங்கால பஸ்ஸில் பை திரும்பி வரும். சீட்டை எங்கள் அச்சகத்திலேயே, கெட்டுப்போன லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அதனால் ஒவ்வொரு சீட்டைத் திருப்பினாலும் ஒரு பச்சைக்கிளி இருக்கும். மூக்கின் சிவப்பு மட்டும் கிளியை விட்டு விலகி வெளியே விழுந்திருக்கும்.

அச்சுக்குப் போவதற்கு முன் சீட்டின் மாதிரியை முதலாளியிடம் காட்ட வேண்டியிருந்தது. என் பதில் பாதியில் மூன்று வரிகள் வைத்திருந்தேன். அனுப்பப்பட்டது, வேறு இடத்தில் இருக்கிறது, இல்லை. இதில் எதையாவது ஒன்றை நான் டிக் செய்வேன். முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். நீலப் பென்சிலை எடுத்தார். மூன்றாவது வரியின் மேல் ஒரு கோடு.

“ஏலே, இது யாவாரம் பண்ற எடம். நம்ம பேரு போட்ட தாளுல இந்தச் சொல்லு வரலாமா? ‘வரும்’னு போடு.”

எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் வீட்டிலும் அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்துபோச்சு என்று அம்மா சொல்லமாட்டாள். கடைகளில் கேட்கவே வேண்டாம். துவரம்பருப்பு ஒரு மணி கிடையாது என்றாலும், வந்த ஆளிடம் நாளைக்கு வரும் என்றுதான் சொல்லுவார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் அதுவே நிலைத்துவிடும் என்று பயம். இருந்தாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஐயா, பைல் இல்லைன்னா இல்லைன்னுதானே எழுதணும்?”

“தேடுனா வராம எங்கன போகும்? இன்னைக்கு இல்லாட்டா நாளைக்குக் கெடைக்கும்லே. போடு.”

இன்னும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினேன். அதற்குமேல் புது வேலை என்ற பயம் வந்து வாயை மூடிக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால் ‘வரும்’ என்பது கண்ணுக்கு அழகாகக்கூட இருந்தது. அப்படியே அச்சடித்து வந்தது.

தை மாதம் பை ஓட ஆரம்பித்தது. அந்தப் பக்கத்தில் தொழிற்சாலை ஆபீஸில் வருகைப் பதிவேடு எழுதுகிற பெண்ணிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். நான் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய கையெழுத்தைத்தான் எனக்குத் தெரியும். உருண்டையான, கோடு போடாத தாளிலும் நேராக ஓடுகிற எழுத்து. முதல் இரண்டு நாள் ‘கேட்ட பைல் வந்தது’ என்று குறிப்பு வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் வந்த குறிப்பு இது: “பைல் வந்தது. உள்ளே பிளான் இல்லை. அட்டையும் கடிதங்களும் மட்டும் வந்தன.” நான் கோபத்தோடு எழுதினேன்: “இங்கிருந்து முழுதாகத்தான் அனுப்பினேன்.” மறுநாள் பதில்: “எத்தனை பக்கம் என்று எழுதி அனுப்பியிருந்தால் நானும் எண்ணிப் பார்த்திருப்பேன்.”

அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் நாற்காலியை நகர்த்தியபோது, மடித்த பிளான் அதன் அடியில் கிடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பைலுக்கும் பக்க எண் போட்டேன். மொத்தம் எத்தனை என்று சீட்டில் எழுதினேன். அவர் அங்கே முதல் பக்கத்திலிருந்து எண்ணி, சரியாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவார்.

லைசென்ஸ் பைல் பையில் அடங்காத பருமன். இரண்டாகப் பிரித்து முன்பாதியை ஒரு நாளும் பின்பாதியை மறுநாளும் அனுப்பினேன். முதல் நாள் பஸ் திருத்தங்கல் பக்கம் நின்றுபோய், கண்டக்டர் பையை டிப்போவில் வைத்துவிட்டார். மறுநாள் வேறு பையில் போனதுதான் முதலில் போய்ச் சேர்ந்தது. “வால் வந்துவிட்டது. தலைக்காகக் காத்திருக்கிறேன்” என்று குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கட்டுகளின் மேல் ‘இரண்டில் ஒன்று’, ‘இரண்டில் இரண்டு’ என்று எழுதப் பழகினேன். இன்னொரு முறை, ஒரே பைலை அச்சகத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஒரே நாளில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். “ஒரு பைலை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்” என்று எழுதினார். அவர் சொன்னது சரி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. யார் முதலில் கேட்டார்கள் என்று சீட்டில் வரிசை எண் போட ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் சென்டரில் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் சொன்னார்கள். துண்டுகளுக்கு எண் போடுவது, வந்து சேர்ந்ததற்குப் பதில் வாங்குவது, வரிசையில் நிற்க வைப்பது. எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. எல்லாம் அந்தத் தொழிற்சாலைப் பெண்ணிடம் குட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவைதான்.

பங்குனி வந்தபோது ஏற்பாடு தண்ணீர் மாதிரி ஓடியது. எப்போதாவது ஒரு பைல் கைக்கு அகப்படாவிட்டால் ‘வரும்’ என்று டிக் செய்வேன். இரண்டு நாளில் யாராவது ஒருவருடைய மேசையிலிருந்து தேடிப் பிடித்து அனுப்பிவிடுவேன். நான்கு மாதத்தில் ஒருமுறைகூட அந்தச் சொல் பொய்யாகவில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் அதை நம்பினார்கள். நானோ, “நான் வந்த பெறகு இந்தக் கம்பெனியில ஒரு பைலு தொலஞ்சதில்ல” என்று டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஊரிலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மேனேஜரே அதை முதலாளியிடம் ஒருநாள் என் முன்னால் சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

வைகாசியில் ஒரு சீட்டு வந்தது. அதே உருண்டை எழுத்து. “எனது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். வேலையில் சேர்ந்தபோது கொடுத்தது. ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன், மதுரையில் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். அசல் காட்ட வேண்டும். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.”

அப்போது எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் புத்தகமாகத்தான் இருக்கும். சீசன் நடுவில் வேலையை விட்டுப் போய்விடக்கூடாது என்று, சேரும்போதே அதை வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் கம்பெனி வழக்கம். என்னுடையதையும் வாங்கி வைத்திருந்தார்கள். சீட்டைப் படித்ததும் ஒரு சந்தோஷம், கூடவே ஒரு சின்ன வருத்தம். அவர் போய்விட்டால் பையின் அந்தப் பக்கத்தில் வேறு யாரோ இருப்பார்கள். எழுந்து போய் அலமாரியின் அந்தத் தட்டைத் திறந்தேன். என்னுடைய புத்தகம் மட்டும் தனியாகக் கிடந்தது. மற்றவர்களுடையது ஒன்றும் இல்லை.

‘வரும்’ என்று டிக் செய்து அனுப்பினேன். அது முதல் சீட்டு. அதில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன், தேடினால் கிடைக்கும் என்று உண்மையாகவே நம்பினேன்.

தேடினேன். அலமாரிகளுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். கிட்டங்கியில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே இருந்த பழைய மரப்பெட்டியைக்கூடத் திறந்து, மூன்று நாள் கண் எரிந்தது. ஆறாம் நாள் இரண்டாவது சீட்டு வந்தது, நினைவூட்டல் என்று. அதற்குள் அந்த மாடியில் நான் தேடாத இடம் ஒன்றும் பாக்கியில்லை. மறுபடியும் ‘வரும்’ என்று டிக் செய்தேன்.

மூன்றாவது சீட்டு வந்தபோது எட்டு நாள் மீதி இருந்தது. “பைல் அறையில் இருக்கிறதா என்று மட்டும் சொன்னால் போதும். இல்லையென்றால் வேறு வழி பார்த்துக்கொள்வேன்.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. நான் அந்தச் சீட்டை மேசைமேல் வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மேசை தள்ளி மேனேஜர் யாரிடமோ, “நம்ம தம்பி வந்த பெறகு பைலு விசயத்துல கவலையே இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்குக் கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ‘வரும்’ என்பதை டிக் செய்து, அது போதாது என்று, அதற்கு முன்னால் என் கையால் ‘கண்டிப்பாக’ என்றும் எழுதினேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் பையைப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு சீட்டு வரவில்லை. எட்டு நாளும் ஓடிப்போனது. நேர்காணலுக்கு மறுநாள் காலை பதினொரு மணி வாக்கில், ஒரு பெண் படியேறி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். பஸ்ஸில் வந்த தூசி முகத்தில் அப்படியே இருந்தது. கையில் மூன்று சீட்டுகள். யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இதெல்லாம் எழுதினது நீங்கதானா?”

“ஆமா. உக்காருங்க. தண்ணி குடிக்கீகளா?”

“என் புத்தகம் இருக்கா?”

“தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். எப்படியும்…”

“இருக்கா, இல்லையா?”

நான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்ததிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

“நேத்து மதுரைக்குப் போனேன். அசல் எங்கன்னு கேட்டாக. கம்பெனியில இருந்து வரும்னு சொன்னேன். வரும்ங்கிறதையெல்லாம் வச்சு எடம் குடுக்க முடியாதும்மான்னுட்டாக. எனக்குப் பின்னால நின்ன பிள்ளைகிட்டயும் புத்தகம் கெடையாது. வீடு தீப்பிடிச்சதுல போயிருச்சாம். அது படிச்ச பள்ளிக்கூடத்து எட்மாஸ்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்திருந்துச்சு. அதை ஏத்துக்கிட்டு எடமும் குடுத்துட்டாக.” கையிலிருந்த சீட்டுகளை நேராக அடுக்கிக்கொண்டார். “எங்க எட்மாஸ்டர் வீடு எங்க தெருவுலதான் இருக்கு. எங்க வீட்டுல இருந்து நாலு வீடு.”

“அடுத்த வருசம்…” என்று ஆரம்பித்தேன்.

“அடுத்த வருசம்னு ஒண்ணு எங்க வீட்டுல கெடையாது. இந்த ஒரு தடவதான்னு எங்கய்யா சொல்லியிருந்தாக. கெடைக்கலேன்னா ஆவணியில கல்யாணம்னு பேச்சு.”

மூன்று சீட்டுகளையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். தண்ணீர் குடிக்கவில்லை.

நான் எழுந்து மேனேஜரிடம் போனேன். “சார், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஒண்ணும் இல்ல. பதினெட்டு நாளா எனக்குத் தெரியும்” என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியிலிருந்தபடியே ஆபீஸ் முழுவதும் கேட்கிற மாதிரி, “ஏப்பா, ஆளுக பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை யாராவது பாத்தீகளா?” என்று சத்தம் போட்டார். மூலையில் உட்கார்ந்து வத்தல் லோடு எழுதிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை தலையைத் தூக்கினார்.

“அதையா தேடுதீக? போன சரசுவதி பூசைக்கு முதலாளி வீட்டுக்குக் கொண்டு போனமே. படிச்ச புத்தகமா இருக்குறதை எல்லாம் பூசையில வைக்கணும்னு அம்மா கேட்டாகள்ல. திருப்பி யாரும் வாங்கியிருக்க மாட்டீக.”

முதலாளி வீடு இரண்டு தெரு தள்ளி. கால் மணி நேரத்தில் கட்டு வந்துவிட்டது. பன்னிரண்டு புத்தகங்கள், மஞ்சள் துணியில் சுற்றி, ஒவ்வொரு அட்டையிலும் குங்குமம் வைத்து, நடுவில் ஒரு காய்ந்த பூவோடு. எட்டு மாதமாகப் பூஜை அறைத் தட்டில் பத்திரமாக இருந்திருக்கின்றன. கணக்குப்பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் பத்தடி தூரம். பதினெட்டு நாளில் ஒருநாள் நான் வாயைத் திறந்திருந்தால் அவர் தலையைத் தூக்கியிருப்பார். ஆனால் அவரிடம் கேட்டால் பைல் தொலைந்தது வெளியே தெரிந்துவிடும். அதனால்தான் நான் தனியாகத் தேடினேன், தேடாத இடமெல்லாம் தேடினேன், ஒரு மனிதரிடம்கூடக் கேட்கவில்லை.

முதலாளி வந்து அந்தக் கட்டைப் பார்த்தார். மேசைமேல் இருந்த மூன்று சீட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். நான், “ஐயா, நீங்கதான் அந்தச் சொல்லு கூடாதுன்னு…” என்று இழுத்தேன்.

“ஆமாலே. நான்தான் அடிச்சேன்.” கட்டிலிருந்து அந்தப் பெண்ணின் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். “நீயே கொண்டு போயி அந்தப் பிள்ளை கையில குடுத்துட்டு வா.” அடுத்த முறை சீட்டு அச்சுக்குப் போனபோது மூன்றாவது வரியை நான் மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். அவர் பென்சிலை எடுக்கவில்லை.

மறுநாள் அதே எட்டு மணி பஸ்ஸில், பையை மடியில் வைத்துக்கொண்டு நான் போனேன். வழி நெடுக, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். விஸ்வநத்தம் தாண்டித் தொழிற்சாலை வாசலில் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தள்ளித் தள்ளிக் கட்டியிருந்த கொட்டகைகளைத் தாண்டி, ஒரு சின்ன ஆபீஸ் அறை. ஜன்னலோரத்தில் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

புத்தகத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னேன். சீட்டில் அந்தச் சொல்லை நான்தான் முதலில் போட்டிருந்தேன் என்பதை, முதலாளி நீலப் பென்சிலால் அடித்ததை, நான் எதிர்த்துப் பேசியதை, வியாபார வீட்டில் அப்படி எழுதக்கூடாது என்கிற வழக்கத்தை, சரஸ்வதி பூஜையை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அட்டையில் இருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தார். புத்தகத்தைப் பிரித்து, வழக்கப்படி முதல் பக்கத்திலிருந்து எண்ணினார். எண்ணி முடித்த பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மூணு தடவ எழுதியிருக்கீக. மூணு தடவையும் முதலாளி உங்க பக்கத்துல நின்னாகளா?”

“இல்லை” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். நான் கொண்டுபோயிருந்த சீட்டை வாங்கி, பேனாவை எடுத்துக் குறிப்புக் கட்டத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். எல்லாப் பக்கங்களும் சரியாக வந்து சேர்ந்தன என்று எழுதியிருந்தது.